சாப்பாட்டு டைரியின் மூன்றாம் வாரம்

அஜ்மானில் நான் அழுத்திய காலிங் பெல்களில் பாதிக்கு மேல் யாரும் கதவைத் திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாமல் அல்ல. உள்ளே குக்கர் விசில் கேட்கும், டிவி ஓடும், குழந்தையை உஷ் என்று அடக்குகிற சத்தம் கேட்கும். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை ஒரு நொடி இருட்டாகும். யாரோ கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நான் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். துளை மறுபடி வெளிச்சமாகும், டிவி சத்தம் குறையும், அவ்வளவுதான். வருகிற கோபத்துக்குக் கதவை ஓங்கி உதைக்கலாம் போலிருக்கும். ஆனால் நான் விசிட் விசாவில் வந்திருந்தவன். விசிட் விசாக்காரனுக்குக் கோபம் உள்ளேயே வந்து உள்ளேயே போய்விட வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. ஊரில் புள்ளியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த என்னை, சொந்தக்காரர் ஒருவர் விசிட் விசா எடுத்து ஷார்ஜாவுக்கு வரவழைத்தார். அங்கே ஒரு சந்தை ஆய்வுக் கம்பெனி என்னைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. இந்தியக் குடும்பங்கள் வீட்டில் என்ன சமைக்கின்றன, எந்த எண்ணெயில் சமைக்கின்றன என்று ஒரு எண்ணெய் வியாபாரிக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக வீட்டுக்கு ஒரு டைரி கொடுத்தோம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் என்ன ஆக்கினார்கள், யார் யார் சாப்பிட்டார்கள் என்று நான்கு வாரம் எழுத வேண்டும். முடித்தால் ஒரு பரிசு உண்டு. வாடகை குறைவு என்று அஜ்மானில் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்கள் என் பங்குக்கு வந்தன.

சூப்பர்வைசர் கோழிக்கோட்டுக்காரர். மோசமான மனுஷர் இல்லை. முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டார். தமிழ் வீடுகளை நான்கு வாரமும் எழுதவைத்துக் கொண்டுவந்தால் என் பாஸ்போர்ட்டை வேலை விசாவுக்குக் கொடுப்பார். இல்லையென்றால் கலாஸ், கதை முடிந்தது, வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டைரி முடிகிற நாளும் என் விசிட் விசா முடிகிற நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்று ஊருக்குப் போக வேண்டும், அல்லது கடலுக்கு அந்தப் பக்கம் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய் அங்கே விடுதியில் கூட்டத்தோடு கூட்டமாக அடுத்த விசாவுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். என் ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டில்காரர் அப்படிப் போனவர்தான். அவருடைய போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. ஆள் வரவில்லை. ரூமுக்குள் நுழைந்தால் அந்தப் போர்வையைப் பார்க்காமல் குனிந்தே என் கட்டிலுக்குப் போவேன்.

வீடுகளைப் பிடித்தது ஷார்ஜாவில், சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற இடத்தில். அங்கே வெள்ளிதான் லீவு நாள். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள் அங்கே நிறைய வருவார்கள். நானும் அந்தப் பக்கத்துப் பேச்சுப் பேசுகிறவன் என்பதால் முகம் கொடுத்தார்கள். அப்படித்தான் அந்த அக்கா கிடைத்தார். கடற்கரை ஊர்க்காரர். கணவர் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன். இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள், தங்களுக்குள் இங்கிலீஷில்தான் சண்டை போடுவார்கள். அக்கா டைரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழில் எழுதலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக எழுதலாம் என்றேன்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லா வீட்டிலும் எழுதினார்கள். எழுதினார்கள் என்றால், அப்படி எழுதினார்கள். பிரியாணி, மீன், கோழி, பாயசம். படம் பிடிக்க வருகிறார்கள் என்றால் தலை வாரிக்கொள்வதில்லையா, அது மாதிரி டைரி வந்த வீட்டில் சமையலும் கொஞ்சம் எடுப்பாகிவிடுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எல்லாரிலும் உயர்ந்தது அந்த அக்காவின் பக்கங்கள்தான். முத்து முத்தான கையெழுத்து. காலையில் ஆப்பம், தேங்காய்ப் பால். மதியம் சீலா மீன் குழம்பு, பொரித்த மீன் தனியாக. இரவு இடியாப்பம், கோழிக்கறி. எந்த எண்ணெய், எத்தனை கரண்டி என்பது வரை இருந்தது. நான் அதைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் ஜெராக்ஸ் எடுத்து மற்ற ஆட்களுக்கும் கொடுத்து, டைரி என்றால் இப்படி இருக்கணும் என்று சொன்னார். அன்றைக்கு நான் ரூமுக்கு நிமிர்ந்து நடந்து போனேன்.

இரண்டாம் வாரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகத் தொடங்கியது. ஆப்பமும் பாயசமும் காணாமல்போய் 'மேற்படி' வந்தது. மேற்படிக்குக் கீழே இன்னொரு மேற்படி. ஒரு வீட்டில் 'நேற்று மாதிரி' என்று எழுதியிருந்தார்கள். நேற்றைப் புரட்டினால் அங்கேயும் 'நேற்று மாதிரி'. இன்னொரு வீட்டுக்காரர் மூன்று வேளைக்கும் 'சாப்பாடு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணே, சாப்பாடுன்னா என்ன சாப்பாடுன்னு எழுதணும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா வீட்டு டைரி மட்டும் அந்த வாரமும் மீனும் கறியுமாக இருந்தது. எழுத்து கொஞ்சம் சின்னதாகியிருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் போல என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம்தான் கதவுகள் சாத்திக்கொண்டன. நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் ஒருவர் பெல் அடிக்க வேண்டாம் என்று கதவில் ஒரு தாளையே ஒட்டிவிட்டார். ஹாலில் சட்டத்துக்கு மறைத்து இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்திருந்த ஒருவர், நான் முனிசிபாலிட்டியின் ஆளாக இருப்பேனோ என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, டைரியே வாங்கவில்லை என்று சாதித்தார். இன்னொரு அம்மா கதவைச் சங்கிலி போட்டபடி திறந்து, எல்லாம்தான் எழுதிக் கொடுத்தாச்சே, புதுசு புதுசாகத் தின்ன எங்களுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, எழுதிய பக்கம் வேண்டியிருந்தது.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று போகும்போதே மனசுக்குள் சகுனம் பார்ப்பேன். வாசலில் செருப்பு கிடந்தால் நல்லது, இல்லையென்றால் கெட்டது. பிறகு செருப்பையும் உள்ளே எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் படித்த பாடப் புத்தகத்தில் பதில் தராதவர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். பதில் தராதவர்கள் உள்ளே நின்றுகொண்டு மூச்சை அடக்குவார்கள் என்று அதில் யாரும் எழுதவில்லை.

அப்போதுதான் மிஸ்டு கால் யோசனை வந்தது. அந்த நாளில் நாங்கள் பாதிப் பேச்சை மிஸ்டு காலில்தான் பேசிக்கொண்டோம். போன் எடுத்தால் காசு போகும், எடுக்காவிட்டால் போகாது. வேன் டிரைவர் ஒரு தடவை விட்டால் கீழே வந்துவிட்டான் என்று அர்த்தம். ஊரிலிருந்து ஒரு தடவை வந்தால் நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவனவன் வீட்டுக்கு அவனவன் வைத்த கணக்கு. எல்லா வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் ஒரு மிஸ்டு கால் விடுவது, அவர்கள் அன்றைய பக்கத்தை எழுதிவிட்டு எனக்கு ஒன்று திருப்பி விடுவது என்று முடிவு செய்தேன். கதவு திறக்காத வீடுகளுக்குக் கதவு வழியாகவே சத்தம் போட்டுச் சொன்னேன். அந்த அக்காவை மாடிப்படியில் பார்த்தேன். இரண்டு கையிலும் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். நின்று பேச அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் அவசரமாக, இனிமேல் வந்து தொந்தரவு பண்ண மாட்டேன் அக்கா, ராத்திரி ஒரு மிஸ்டு கால் விடுவேன், நீங்களும் ஒன்று திருப்பி விட்டால் போதும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அது போதும்னா செஞ்சிரலாம் தம்பி என்றார்.

அன்று இரவு ரூமில் கட்டிலில் உட்கார்ந்து வரிசையாக விட்டேன். ஒருவர் அவசரப்பட்டு எடுத்துத் தொலைத்தார், காசு போனது. மற்றபடி கொஞ்ச நேரத்தில் போன் மினுங்க ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, அடுத்தது. பெல் அடிக்காதே என்று தாள் ஒட்டிய நர்ஸ் கூட ஒன்று விட்டார். ஒவ்வொரு தடவை மினுங்கும்போதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரிலும் முதலாவதாக வந்தது அந்த அக்காவுடையது. நான் கட் பண்ணிய மறு நிமிஷம் வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் எப்படி எழுதுகிறார், முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பார் போல என்று நினைத்தேன். பொறுப்பான பெண்மணி என்று சூப்பர்வைசரிடமும் சொன்னேன்.

சூப்பர்வைசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையாளி வீடுகளுக்கும் ஹிந்தி பேசுகிற வீடுகளுக்கும் இதையே செய்யச் சொன்னார். எனக்கு மேலே இருந்த ஆட்கள் என்னிடம் வந்து எப்படி, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் போட்டோ எடுத்துக்கொண்டு வா, பாஸ்போர்ட்டையும் கொடு என்றார் சூப்பர்வைசர். போட்டோக் கடைக்காரன் சிரிக்காதே, சிரித்தால் விசாவுக்கு ஆகாது என்று சொல்லும்படி நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டைரிகளை வாங்கப் போன அன்று, முதல் வீட்டிலேயே அடி விழுந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை. தினமும் மிஸ்டு கால் விட்டீர்களே என்றேன். விட்டேனே, அதான் சொன்ன மாதிரி விட்டேனே என்றார் அந்த வீட்டுக்காரர். அடுத்த வீட்டில் அரை வாரம் எழுதியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் பென்சிலால் வட்டம் வட்டமாக ஏதோ குழந்தை கிறுக்கியிருந்தது. அக்கா வீட்டு டைரி நிறைந்திருக்கும், அது ஒன்றாவது நிறைந்திருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் கதவைத் திறந்தார். டைரியைக் கையில் தந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். இரண்டாம் வாரம் முடிந்த இடத்தோடு எழுத்து நின்றிருந்தது. மீதி எல்லாம் வெள்ளை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தினம் தினம் எல்லாருக்கும் முதலில் திருப்பி விட்டீர்களே அக்கா, அது எதற்கு, என்னை ஏமாற்றவா என்று குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

"சாப்டாச்சான்னு கேக்குதியன்னுல்லா நெனச்சேன் தம்பி. சாப்டாச்சுன்னு நான் திருப்பி விட்டேன்."

அவருடைய கணவர் சைட்டில் தங்குகிற நாட்களில் இரவு அதே நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால் விடுவாராம். இவர் ஒன்று திருப்பி விடுவாராம். சாப்பிட்டாயா, சாப்பிட்டாச்சு. அவ்வளவுதான் அந்த வீட்டுக் கணக்கு. நானும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற ஆள், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் விடுகிறேன், ஒன்று திருப்பி விட்டால் போதும் என்று நானேதான் சொன்னேன். வேறு என்ன நினைப்பார்? மற்ற வீடுகளிலும் போய்க் கேட்டால் சுற்றி வளைத்து இதையேதான் சொன்னார்கள். ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தந்திரத்தில் எங்கள் ஜனங்கள் தினமும் ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தார்கள். நான் கேட்காத கேள்வி அது. அதுவும், சாப்பிட்டாச்சா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற ஆள் நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கிஷ்ஷையும் அந்தப் போர்வையையும் நினைத்து அழுதேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சூப்பர்வைசர் டைரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதற்குக் கையை நீட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. மேனேஜர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்த சூப்பர்வைசர் என் தோளில் கை வைத்தார். மலையாளி வீடு, ஹிந்தி வீடு எல்லா இடத்திலும் மூன்றாம் வாரம் இதே கதிதானாம். ஜனங்கள் எழுதி எழுதிச் சலித்துவிட்டார்கள். அது சகஜம். அதனால் எல்லாருக்கும் முதல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடலாம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் என் வீடுகள் ஒன்று கூடக் குறையவில்லை. "முதல் ரெண்டு வாரம் நிங்களுடெ ஆளுகள்தான் பெஸ்ட்" என்றார். தமிழ்க் குடும்பங்கள் மீனும் கறியும் இவ்வளவு எண்ணெய் விட்டு ஆக்குகின்றன என்று எண்ணெய்க்காரர்களுக்கு ரொம்பச் சந்தோஷமாம். அடுத்த சுற்றும் எங்களுக்கே தருவார்களாம். பாஸ்போர்ட் அன்றைக்கே விசாவுக்குப் போனது.

அது கையில் வந்து சேரும்வரை நான் நம்பவில்லை. வந்த பிறகும் பையிலிருந்து எடுத்து எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று வருஷம். அம்மாவுக்கு மிஸ்டு கால் விடாமல் நிஜமாகவே போன் போட்டுச் சொன்னேன்.

எல்லாருமே முடித்ததாகக் கணக்கு ஆகிவிட்டதால் எல்லா வீட்டுக்கும் பரிசு உண்டு என்றார்கள். அட்டைப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தேன். இந்த முறை எல்லாக் கதவும் திறந்தது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா வீட்டில் பெல் அடிக்கத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் என்ன தம்பி என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். விசா கிடைத்ததைச் சொன்னேன். கையைக் கூப்பி மாதாவுக்கு நன்றி சொன்னார். அவ்வளவு சந்தோஷம் என் சொந்தக்காரர் கூடப் படவில்லை.

எழுதாத பக்கங்களுக்கு ஆபீசில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை, அதை யாரும் பார்க்கவே இல்லை, முதல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றேன். நீங்கள் எழுதியதைத்தான் எல்லாருக்கும் மாதிரியாகக் காட்டினோம் என்றும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுல இவியளுக்குச் சம்பளம் வந்து நாலு மாசமாச்சு தம்பி. நீங்க டைரியக் கொண்டாந்தப்பவே வரலை. வெறும் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்னு எழுதிக் குடுத்தா, பூசைக்கு வார ஆளு யாராச்சும் பாத்திருவாவளோன்னு இருந்திச்சு. அதான் ஊர்ல அம்மை ஆக்குறத எல்லாம் எழுதுனேன். ரெண்டு வாரத்துக்கு மேல எனக்கு வரலை. பொய்யா எத்தன நாளைக்குத்தான் ஆக்கிக்கிட்டே இருக்கது?"

அவர் நிமிர்ந்து, இது யாருக்கும் தெரிய வராதே என்று கேட்டார். வராது அக்கா என்றேன். உண்மையாகவே நிம்மதியானார். பால் இல்லை, கட்டன் சாயா குடிப்பீர்களா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

என் சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருந்தது. இந்த ஊரில் நான் மூன்று வருஷம் இருக்கலாம் என்று அதில் அடித்திருந்தது. அதை எனக்கு வாங்கித் தந்தது அந்த வீட்டில் யாரும் தின்னாத சீலா மீன்.